சென்னையில் தனியாக வீடு எடுப்பது: பெண்களுக்கும் திருநருக்கும் ஒரு வழிகாட்டி

டூலெட் பலகையில் போன் நம்பர் இருக்கும், சில சமயம் வாடகையும் இருக்கும். யாருக்குத் தரமாட்டார்கள் என்பது போன் போட்ட பிறகுதான் தெரியும். "ஃபேமிலியா, பேச்சுலரா?" என்று ஆரம்பித்து, கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை மணிக்கு வேலை முடியும், யார் வந்து போவார்கள் என்று போய், பல நேரம் சாதியில் வந்து நிற்கும். தனியாக வாழும் பெண், விவாகரத்தானவர், கணவரை இழந்தவர், திருநர் (பிறப்பில் பதிந்த பாலினத்திலிருந்து மாறி, பெண்ணாக வாழும் திருநங்கை, ஆணாக வாழும் திருநம்பி), சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள் என யாராக இருந்தாலும், இந்தக் கேள்விகளைத் தாண்டி மிஞ்சும் வீடுகள் குறைவு. ஆண்களுக்காவது திருவல்லிக்கேணி மேன்ஷன் என்று ஒன்று இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு போனால் அன்று இரவே அறை கிடைக்கும். அந்த விலையில், அத்தனை சுலபத்தில் பெண்களுக்கு எதுவும் இந்த ஊரில் கிடையாது.

இப்படித் தேடி அலுத்தவர்கள் கடைசியில் கிடைத்த வீட்டுக்குக் கேட்ட அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஓனர் நினைத்த நேரத்தில் கதவைத் தட்டினாலும், மாடிக்கு வந்து நின்றாலும், விருந்தாளியைக் கேள்வி கேட்டாலும் காலி செய்ய முடியாது. ஆறு மாத வாடகை அவர் கையில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி வீட்டைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல. உள்ளே போகும்போதே வெளியே வரும் நாளையும் கணக்கில் வைப்பதற்கு.

பணக் கணக்கு

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அட்வான்ஸுக்கு அது வைத்திருக்கும் அளவு மூன்று மாத வாடகை. சென்னையில் ஐந்து, ஆறு என்று கேட்பது சகஜம். பத்து மாதம் கேட்கும் பழக்கமும் முழுதாகப் போகவில்லை. சட்டத்தைச் சொல்லி வாதாடினால் "அப்போ வேற வீடு பாருங்க" என்ற பதில்தான் வரும். சட்டத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் பேசுங்கள்: "மூணு மாசம் இப்பவே அக்கவுண்ட்ல போட்டுடறேன், வாடகை ஒண்ணாம் தேதி தவறாது." சந்தேகமான ஆறு மாதத்தைவிடக் கைக்கு வந்த மூன்று மாதம் மேல் என்று நினைக்கும் ஓனர்களும் இருக்கிறார்கள்.

வாடகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாத அட்வான்ஸ் 72,000, முதல் மாத வாடகை 12,000, புரோக்கருக்கு ஒரு மாதம் 12,000, டெம்போ, கூலி எல்லாம் சேர்த்து 3,000 என்றால் உள்ளே நுழையும் செலவு 99,000. மூன்று மாத அட்வான்ஸ் என்றால் இது 63,000 ஆகிவிடும். மிச்சமான 36,000 ரூபாயைச் சோபா வாங்கச் செலவழித்துவிடாதீர்கள். ஒரு மாத வாடகையும் பதினைந்து நாள் விடுதிச் செலவும் சேர்ந்த தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, அதைத் தொடாமல் வைத்திருங்கள். நாளைக்கே வெளியேற வேண்டி வந்தால், அட்வான்ஸ் திரும்பும்வரை தாங்கப்போவது இந்தப் பணம்தான். குடும்பத்தின் துணை இல்லாதவர்களுக்கு இது கட்டாயம்.

லீஸ், போக்கியம் என்று மொத்தமாகச் சில லட்சம் வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விடும் முறை கவர்ச்சியாகத் தெரியும். தனியாக இருப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. அந்தப் பணத்தை ஓனர் பெரும்பாலும் வேறு கடனை அடைக்கத்தான் வாங்குகிறார். திருப்பித் தர அடுத்த லீஸ்காரர் கிடைக்க வேண்டும், அதுவரை நீங்கள் நகர முடியாது. வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

எப்போது, எங்கே தேடுவது

ஆடியிலும் மார்கழியிலும் பல குடும்பங்கள் வீடு மாற்றுவதில்லை. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரையிலும், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரையிலும் காலியான வீடு அப்படியே கிடக்கும். ஃபேமிலிக்கு மட்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் இரண்டாவது மாத வாடகையும் நழுவும்போது இறங்கி வருவார். பேரம் பேச இதுதான் காலம். தை பிறந்தாலும், மே, ஜூன் மாதங்களில் பள்ளிக்கூடம் மாறும் குடும்பங்கள் இறங்கினாலும் உங்கள் கை தாழ்ந்துவிடும். ஆடியில் பால் காய்ச்ச மாட்டேன் என்பது உங்கள் நம்பிக்கையாக இருந்தால், ஆடியிலேயே அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டுவிட்டு ஆவணி முதல் வாரத்தில் குடிபோகலாம்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கும், அதன் பிறகு திருநங்கைகளுக்கும் கட்டணம் இல்லை. வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் சேருங்கள். வேலை இடத்துக்கு நேராக அந்த வகைப் பேருந்து ஓடும் தெருவில் வாடகை ஆயிரம் ரூபாய் அதிகம் என்றாலும், தினமும் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பதைவிட லாபமாக இருக்கலாம். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நிறுத்தத்தில் பூக்காரரிடமோ டீக்கடையிலோ கேளுங்கள். பலகையில் இருப்பதைவிட அவர்கள் சொல்வது சரியாக இருக்கும்.

வீட்டை இரண்டு முறை பாருங்கள், பகலில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு முறை. இரவில் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்தே போங்கள். தெருவிளக்கு எரிகிறதா, வழியில் டாஸ்மாக் உண்டா, வீட்டு கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், அந்தச் சாவி உங்களுக்குத் தருவார்களா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கேட் சாவி தரமாட்டேன் என்றால், அந்த வீட்டில் உங்களுக்கு ஊரடங்கு உண்டு என்று பொருள்.

உள்ளே பார்க்க வேண்டியவை: வாசல் கதவுக்கு உள்பக்கம் உருட்டுத் தாழ்ப்பாள் இருக்கிறதா, அது நிலையில் சரியாகப் பொருந்துகிறதா. பாத்ரூம் வென்டிலேட்டர் எந்தப் பக்கம் திறக்கிறது. மாடிப்படியிலிருந்தோ பக்கத்து மொட்டை மாடியிலிருந்தோ எட்டினால் தெரியும் உயரமா. மொட்டை மாடி அறை என்றால் மாடிக்கு வேறு யார் யார் வருவார்கள், துணி காயப்போடவா, குடிக்கவா. போர்ஷன் வீடு என்றால் கழிவறை தனியா பொதுவா, பொது என்றால் எத்தனை குடித்தனத்துக்கு ஒன்று. பொதுக் கழிவறை உள்ள வீட்டில் திருநங்கைகளோடும் திருநம்பிகளோடும் பிற குடித்தனக்காரர்கள் முதலில் தகராறு செய்வது அந்தக் கதவருகேதான். இரண்டாயிரம் அதிகம் என்றாலும் தனிக் கழிவறை உள்ள வீட்டையே பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி ஓனரிடம் கேட்காதீர்கள், கீழ்வீட்டில் கேளுங்கள். மெட்ரோ வாட்டர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரி வாங்கினால் காசை எப்படிப் பிரிக்கிறார்கள், மோட்டார் போடுவது யார். மோட்டார் சுவிட்ச் ஓனர் வீட்டுக்குள் இருந்தால் தினமும் அவரிடம் போய் நிற்க வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால், 2015லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று பக்கத்துக் கடையில் விசாரியுங்கள். புதுப் பெயிண்டுக்குப் பின்னால் அந்தக் கோடு மறைந்திருக்கும்.

ஓனரிடம் பேசுவது

பொய் சொல்லலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கணவர் துபாயில் இருக்கிறார், தோழி என் தங்கை என்பவைதான் வழக்கமான பொய்கள். இவற்றில் தர்ம சங்கடத்தைவிட நடைமுறைச் சிக்கல் பெரிது. ஆதார் நகலில் தகப்பனார் பெயர் வேறாக இருக்கும், ஒப்பந்தத்தில் ஒரு பெயர்தான் இருக்கும். பொய் தெரிந்த அன்று, "எங்களை ஏமாத்திட்டாங்க" என்ற ஒரு வரியை வைத்தே அட்வான்ஸைப் பிடித்துக்கொள்வார்கள். சொல்லாமல் விடுவது வேறு. விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டு, தாலி எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. குடும்பநலக் கோர்ட் காகிதங்களின் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கேட்பதற்கு முன்பே காகிதங்களை நீட்டினால் கேள்விகள் குறையும். வேலை அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டு வாடகை கட்டிய வங்கிப் பதிவு, சென்னையில் உள்ள ஒருவரின் போன் நம்பர். சம்பளச் சீட்டு இல்லாத வேலை என்றால் ஆறு மாத வங்கிக் கணக்குத் தாள் போதும். ஆதாருக்கு முதல் எட்டு இலக்கங்கள் மறைத்த நகலை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நகலின் குறுக்கே "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். குடியிருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கும் படிவத்தை ஓனர் கேட்டால் நிரப்பிக் கொடுங்கள். அதில் உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு: நீங்கள் அந்த முகவரியில் குடியிருக்கிறீர்கள் என்பதற்குக் காவல் நிலையத்திலேயே ஒரு தடயம் இருக்கும்.

திருநர் தங்கள் அடையாளத்தை முன்கூட்டியே சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. சொன்னால் வீடுகள் குறையும். சொல்லாமல் போனால் பிறகு தெரிந்து வெளியேற்றுவார்களோ என்ற பயம் இருக்கும். சொல்வது என்று தீர்மானித்தால் வாயோடு நிறுத்தாமல், டோக்கன் அட்வான்ஸ் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள்: "சார், நான் திருநங்கை என்று நேரில் சொன்னேன், நீங்களும் சம்மதித்தீர்கள். டோக்கன் ஐயாயிரம் இப்போது அனுப்புகிறேன்." பிறகு மறைத்துவிட்டார்கள் என்ற பேச்சு எடுபடாது. ஆதாரில் பழைய பெயரும் பழைய பாலினமும் இருந்தால், திருநருக்கான தேசிய இணையதளத்தில் விண்ணப்பித்து மாவட்ட ஆட்சியர் வழங்கும் சான்றிதழையும் அடையாள அட்டையையும் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார், பான், வங்கி என மற்றவற்றை மாற்ற அதுதான் ஆதாரம். அதுவரை ஒப்பந்தத்தில் "பழைய பெயர் என்கிற புதிய பெயர்" என்று இரண்டையும் எழுத வேண்டும். ஒரு பெயர் மட்டும் இருந்தால் பிறகு இது நீங்கள்தானா என்ற கேள்வி வரும்.

இருவர் சேர்ந்து குடிபோனால், தோழிகளோ காதலர்களோ, இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் போட்டால், உறவு முறிந்தாலோ அவர் வீட்டார் வந்து இழுத்துக்கொண்டு போனாலோ மற்றவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

ஒப்பந்தம்

டிடிபி கடையில் பதினோரு மாத ஒப்பந்தம் தயாராக இருக்கும், பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். பல மாதிரிகளில் "ஒழுக்கக்கேடான செயல்களில் ஈடுபடக் கூடாது, மீறினால் உடனே காலி செய்ய வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். குடும்பங்களுக்கு அது வெறும் அச்சு. தனியாக இருப்பவருக்கு, ஒரு நண்பர் வந்து போனதையே காரணமாக்கும் வரி. "சட்டத்துக்குப் புறம்பான செயல்களுக்கு வீட்டைப் பயன்படுத்தக் கூடாது" என்று மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலான ஓனர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது, மறுக்கவும் மாட்டார்கள்.

சேர்க்க வேண்டிய வரிகளில் முதலாவது அட்வான்ஸ் பற்றியது. "வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அட்வான்ஸ் தொகை வாடகைதாரரின் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்தப்படும். பிடித்தம் இருந்தால் ரசீதுடன் எழுத்தில் தெரிவிக்கப்படும்." சட்டத்தில் இருப்பதும் ஒரு மாதம்தான் என்பதால் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது சென்னை வழக்கம். ஒரு வருடம்கூட முடியாமல் போனால் பாதி என்றாவது எழுதி வாங்குங்கள். இரண்டாவது, ஓனர் வீட்டுக்குள் வருவது: பழுது பார்க்கவோ பார்வையிடவோ 24 மணி நேரத்துக்கு முன் தெரிவித்துவிட்டுத்தான் வர வேண்டும். மூன்றாவது, காலி செய்ய இரு தரப்புக்கும் ஒரே அளவு நோட்டீஸ். நீங்கள் இரண்டு மாதம் சொல்ல வேண்டும், அவர் பதினைந்து நாளில் சொல்லலாம் என்று இருந்தால் திருத்துங்கள்.

மின்கட்டணத்தில்தான் மாதா மாதம் பணம் கசியும். வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருந்தால் அதன் எண்ணை ஒப்பந்தத்தில் எழுதி, நீங்களே இணையத்தில் கட்டிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கே வரும். ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த சப் மீட்டர் என்றால் அவர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று முதல் யூனிட்டிலிருந்தே கேட்பார். அந்த விலையையும் குடிபோகும் நாளின் ரீடிங்கையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

2017 சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் (துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி) பதிவு செய்ய வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் இதைச் செய்யலாம். ஓனர் சேர்ந்து வராவிட்டால் வாடகைதாரர் தனியாகவும் விவரம் தாக்கல் செய்யலாம். பல ஓனர்கள் வருமான வரிக்குப் பயந்து ஒத்துக்கொள்வதில்லை. பதிவு இல்லாத ஒப்பந்தம் தகராறில் பலவீனமானது. அதனால் அது கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வாடகையையும் அட்வான்ஸையும் யுபிஐ அல்லது வங்கி வழியாக மட்டும் கொடுங்கள், குறிப்பில் "ஜூன் மாத வாடகை, கதவு எண் இது" என்று எழுதுங்கள். அட்வான்ஸில் பாதி ரொக்கமாகக் கேட்டால், அந்தப் பாதி திரும்பி வராது என்று வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

சாவி கைக்கு வந்த நாள்

சாமான் இறக்கும் முன் வீடு முழுக்க ஒரு வீடியோ. சுவர் விரிசல், உடைந்த ஓடு, குழாய்க் கசிவு, மின்மீட்டர் எல்லாம் தெரியட்டும். அன்றே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள், காலி செய்யும்போது வரும் பிடித்தக் கணக்கு இதற்குப் பயப்படும். பூட்டின் உள் சிலிண்டரை மட்டும் மாற்றித் தர ஒரு தச்சருக்கு அரை மணி நேரம் ஆகும். பழையதை எடுத்து வைத்திருந்து போகும்போது திருப்பிப் போட்டுவிடலாம். முகவரிச் சான்று இன்னும் இல்லையென்றால், அடையாள அட்டையை மட்டும் காட்டி ஐந்து கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் வாங்கலாம்.

ஒளித்துவைத்த கேமரா பற்றிய பயம் வீண் பயமில்லை. 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் கேமராக்கள் கண்டுபிடிக்கப்பட்டு, அதை நடத்தியவர் கைதானார். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, போன் டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்து, படுக்கையையும் குளியலறையையும் பார்த்திருக்கும் பொருட்களை மெதுவாக நோட்டமிடுங்கள். பிளக் பாயிண்ட், அடாப்டர், கடிகாரம், ஹீட்டர், ஃபால்ஸ் சீலிங் துளை. லென்ஸ் இருந்தால் ஊசிமுனை போல ஒளி திரும்பும். இருட்டில் அகச்சிவப்பு விளக்கோடு இயங்கும் கேமராவை, போனின் முன்பக்கக் கேமரா வழியாகப் பார்த்தால் சில மாடல்களில் ஊதாப் புள்ளியாகத் தெரியும். கிடைத்தால் பிடுங்காதீர்கள், கைரேகையும் பதிவும் அழியும். படம் எடுத்துவிட்டு, அறையைப் பூட்டி, அவசர உதவி எண் 112க்கு அழையுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் இது குற்றம்.

விடுதி என்றால்

தனியார் பெண்கள் விடுதிகள் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விடுதிகள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைச் சுவரில் காட்டச் சொல்லுங்கள், எந்த முகவரிக்கு என்று படியுங்கள். ஒரு கட்டடத்துக்கு வாங்கி மூன்று கட்டடத்தில் நடத்துவதும் உண்டு. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது சாப்பாட்டின் ருசியை அல்ல. ஒரு மாதம் முன் சொல்லிக் காலி செய்தால் அட்வான்ஸ் எவ்வளவு திரும்பும், இரவு ஷிஃப்ட் இருந்தால் கேட் எப்போது திறக்கும், ஊருக்குப் போனால் சாப்பாட்டுக் காசு கழியுமா என்பதைக் கேட்டு, பதிலை ரசீதின் பின்னால் எழுதி வாங்குங்கள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் அடையாறு, தாம்பரம், பரங்கிமலை, கூடுவாஞ்சேரி உள்ளிட்ட இடங்களில் இருக்கின்றன. நாள் கணக்கிலும் தங்கலாம் என்பதுதான் அதன் பெரிய பலம். வீட்டைத் திடீரென்று விட வேண்டி வந்தால் ஒரு வாரம் மூச்சுவிட இடம். முன்பதிவு இணையதளத்தில்; இடம் எப்போதும் இருக்காது என்பதால் கணக்கை முன்பே தொடங்கி வைத்திருங்கள். திருநருக்கு மத்திய அரசின் கரிமா கிரே திட்டத்திலும், மாநில அரசின் அரண் திட்டத்திலும் சென்னையில் தங்குமிடம் உண்டு. திருநம்பிகளுக்குத்தான் இன்னும் இடுக்கு: ஆவணம் மாறாவிட்டால் பெண்கள் விடுதி, மாறினால் ஆண்கள் மேன்ஷன், இரண்டிலும் நிம்மதி இல்லை. முடிந்தவரை இருவர் மூவராகச் சேர்ந்து தனி வீடு எடுப்பதே நல்லது.

பிறந்த வீட்டிலிருந்தோ புகுந்த வீட்டிலிருந்தோ வெளியேறும்போது

புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்படும் பெண், அந்த வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே வாழும் உரிமையைக் கோரலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இன் 17, 19ஆம் பிரிவுகள் அதற்குத்தான். 2020இல் உச்ச நீதிமன்றமும், கணவருக்குச் சொத்தில் பங்கு இல்லை என்பதாலேயே அது பகிர்ந்த வீடு (மனைவி வாழும் உரிமை கோரக்கூடிய வீடு) இல்லை என்றாகாது என்று சொல்லிவிட்டது. வெளியே தனி வீடு வேண்டும், அதன் வாடகையைக் கணவர் தர வேண்டும் என்றும் கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் வழி காட்டுவார்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

பால்புதுமையினர் (தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள், திருநர் போன்றவர்கள்) வீட்டைவிட்டு வெளியேறினால் மறுநாளே "காணவில்லை" புகார் வரும். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவின்படி, விசாரணையில் வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடிக்க வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது. 2025 மே மாதம் அதே நீதிமன்றம், ரத்த உறவோ திருமணமோ இல்லாமல் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பத்தையும் குடும்பமாக ஏற்றது. கிளம்பும் முன் ஒரு கடிதம் எழுதுங்கள்: பெயர், வயது, சொந்த விருப்பத்தில் போகிறேன், என்னை யாரும் கடத்தவில்லை, எந்தப் பொருளையும் எடுத்துப் போகவில்லை. ஊர்க் காவல் நிலையத்துக்கும் சென்னையில் தங்கும் பகுதிக் காவல் நிலையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்திருங்கள். கடைசி வாக்கியம் முக்கியம். நகை திருடிவிட்டான், திருடிவிட்டாள் என்பதுதான் அடுத்து வரும் புகார். அசல் சான்றிதழ்கள், ஆதார், பான், வங்கி அட்டை, மருந்துகள், ஹார்மோன் எடுப்பவர்கள் மருத்துவரின் சீட்டு, இவை ஒரே பையில் இருக்கட்டும். வங்கிக் கணக்கின் போன் நம்பர் அப்பாவுடையதாக இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

துரத்தினால்

ஓனர் பூட்டை மாற்றுவது, கரண்டையோ தண்ணீரையோ நிறுத்துவது இரண்டுமே சட்டப்படி செல்லாது. வெளியேற்ற அவர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நிறுத்திய வசதியைத் திரும்பத் தர வாடகை அதிகார அமைப்பு உத்தரவிட முடியும். உடனடி ஆபத்து என்றால் 112. காவல் நிலையத்தில் புகாரை எழுத்தில் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான அத்தாட்சி) கேட்டு வாங்குங்கள். "வாடகை விவகாரம், சிவில்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அதனால் புகாரில் வாடகையை முன்னால் வைக்காமல் பூட்டியது, மிரட்டியது, உள்ளே சிக்கிய பொருட்கள், நேரம், சாட்சி என்று எழுதுங்கள்.

திருநருக்கு இதில் கூடுதல் ஆயுதம் ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு வாடகைக்கு வீடு மறுப்பதைத் தடை செய்கிறது, ஆனால் அந்தப் பிரிவில் தண்டனை சொல்லப்படவில்லை. 18ஆம் பிரிவு குடியிருக்கும் இடத்திலிருந்து வெளியேற்றுவதைக் குற்றம் என்று சொல்லி, ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் வைத்திருக்கிறது. குடியேறிய பிறகு துரத்துபவருக்குத்தான் சட்டம் கடிக்கும் என்று அர்த்தம். குடியிருந்ததை நிரூபிக்க ஒப்பந்தமும், யுபிஐ பதிவும், அந்த முகவரிக்கு வந்த ஒரு தபாலும் வேண்டும்.

அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது

கடைசி இரண்டு மாதம் வாடகை கட்டாமல் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்பது சென்னையில் பலரும் செய்வது. ஓனரின் சம்மதம் எழுத்தில் இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் நீங்கள்தான் பாக்கிதாரர். வாடகை பாக்கி வெளியேற்றக் காரணமாகவும் ஆகும்.

நோட்டீஸை வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் தேதியோடு அனுப்புங்கள். புது வாடகைதாரருக்கு வீட்டைக் காட்ட உதவுங்கள், அவருடைய அட்வான்ஸிலிருந்துதான் பெரும்பாலும் உங்களுடையது வரும். கடைசி நாளில் வெறும் வீட்டை வீடியோ எடுத்து, மீட்டர் ரீடிங்கைச் சேர்த்து, பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுப்பதே நல்லது. "அடுத்த வாரம் போடறேன்" என்றால், எவ்வளவு, என்றைக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு சாவியை ஒப்படையுங்கள், ஒப்படைத்ததையும் படம் எடுங்கள். சாவியை நீங்களே வைத்துக்கொண்டு மாதம் தாண்டினால், குடியிருந்ததாகச் சொல்லி வாடகை கேட்பார்.

30 நாள் கடந்தும் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், பிறகு வாடகை நீதிமன்றத்தில் மனு. ஒப்பந்தம், பணம் கட்டிய பதிவு, இரண்டு வீடியோக்கள், சாவி கொடுத்த படம் ஆகியவை இணைப்பு. பணம் கோரி வழக்குப் போட மூன்று ஆண்டு வரை நேரம் உண்டு. அதுவரை இவற்றை போனில் மட்டும் வைக்காமல், மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி வைத்திருங்கள்.